முந்திரிக் கன்றுக்கு என்ன கோளாறு? கொட்டை ஊன்றிக் கன்று வளர்ப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

சித்திரை, வைகாசியில் கடலூர் மாவட்டத்தில் முந்திரிக்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. நாலு கொட்டையைப் பையில் ஊன்றி நாமே கன்று போட்டுவிடலாம் என்று பலர் இறங்குவதும் அப்போதுதான். ஆடி மாதம் பையைத் தூக்கிக்கொண்டு, "இலை மஞ்சளாயிடுச்சு, நுனி கருகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வருவதும் அதே ஆட்கள்தான். அப்படி வருகிற கன்றில் நான் முதலில் பார்ப்பது பையின் அடிப்பக்கம். இலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிரேசிலில் இருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த இந்த மரம், ஒன்றுமில்லாத மணலிலும் செம்மண்ணிலும் பிழைக்கத் தெரிந்தது. பையில் வளரும்போது அது சாவதற்குப் பெரும்பாலும் காரணம், நாம் பாசத்தோடு ஊற்றுகிற தண்ணீர்.

கொட்டை ஊன்றியதிலிருந்து மரம் காய்க்கும் வரை கோளாறுகள் வருகிற வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் கன்றுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படிக்கலாம்.

மூன்று வாரம் ஆகியும் முளை வரவில்லை

கோடை வெயிலில் 15 முதல் 20 நாளில் முளை தெரிய வேண்டும். சில கொட்டை நாலாவது வாரம்கூட எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் தாண்டியும் அசைவு இல்லை என்றால் இரண்டு பையைத் தோண்டிப் பாருங்கள்.

கொட்டை ஊதிப்போய், அமுக்கினால் மெத்தென்று, புளித்த வாடை அடித்தால் அழுகிவிட்டது. பையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அல்லது கலவையில் களிமண் அதிகம். கொட்டை ஊன்றிய நாளில் இருந்தது போலவே உலர்ந்து கிடந்தால் ஓட்டுக்குள் ஈரமே போகவில்லை. ஊன்றுவதற்கு முன் ஒரு முழு நாள் தண்ணீரில் ஊற வைத்திருக்க வேண்டும். ஓடு தடித்த கொட்டை என்றால் இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி. ஓடு பிளந்து வேர் பக்கவாட்டில் போயிருந்தால் பதறாமல் மூடி வையுங்கள், வந்துவிடும்.

இது எதுவும் இல்லை, கொட்டை கெட்டியாக நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முளைக்கவில்லை என்றால், அதை எங்கே வாங்கினீர்கள் என்று யோசியுங்கள். பண்ருட்டி வட்டாரத்தில் கொட்டை உடைக்கும் ஆலைகளுக்கு நம் ஊர்க் கொட்டை மட்டும் போதாது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது. அறுவடையாகி, மூட்டையில் அடைந்து, துறைமுகம், கிடங்கு என்று மாதக்கணக்கில் கிடந்த கொட்டை அது. உடைத்துத் தின்ன ஒரு குறையும் இருக்காது, முளைக்கத்தான் உயிர் இருக்காது. தெரிந்த ஆலையில் ஒரு படி வாங்கி ஊன்றினேன், பத்தில் இரண்டுதான் வந்தது என்று சொல்பவர்கள் கதை இதுதான். விதைக் கொட்டையை மூட்டையிலிருந்து எடுக்காதீர்கள். நன்றாகக் காய்க்கிற மரத்தடிக்குப் போய், பழுத்துத் தானாக விழுந்த பழத்திலிருந்து திருகி எடுங்கள். திருட்டுக்குப் பயந்து முன்கூட்டியே பறித்த கொட்டை முற்றியிருக்காது.

எடுத்த கொட்டையை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை எடுத்து எறியுங்கள், மூழ்குவதை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெரிய கொட்டையாகப் பொறுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பெருத்த கொட்டை பல நேரம் உள்ளே பருப்பு நிறையாமல் மிதக்கும், முளைப்பதும் தாமதம். 5 முதல் 7 கிராம் எடையுள்ள நடுத்தரக் கொட்டைதான் விதைக்குச் சரி. அந்தந்தப் பருவத்துக் கொட்டையை அந்தப் பருவத்திலேயே ஊன்றிவிடுங்கள். போன வருடத்துக் கொட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாலும் பயனில்லை.

சந்தேகம் இருந்தால் நாலைந்தை வெட்டிப் பார்க்கலாம். கைக்குச் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள், ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்துவிடும். பருப்பு தந்த நிறத்தில் உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி, எண்ணெய் ஊறியது போல் இருந்தால் அந்தக் குவியல் முழுவதும் உடைக்கத்தான்.

ஊன்றும் முறையில் கவனிக்க இரண்டே விஷயம். பழத்தோடு ஒட்டியிருந்த காம்புப் பக்கம் மேலே பார்த்து, கொட்டை சற்றுச் சாய்ந்து இருக்க வேண்டும். ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் போகக் கூடாது.

காஷ்மீரிலிருந்து வாங்கி வந்த வால்நட் முளைக்கவில்லை

புதுச்சேரியில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வால்நட், பீக்கன், ஹேசல் போன்ற குளிர்நாட்டுக் கொட்டைகளுக்கு உள்ளேயே ஒரு பூட்டு உண்டு. பனிக்காலத்தை ஈர மண்ணில் கழித்த பிறகுதான் அது திறக்கும். இல்லாவிட்டால் இலையுதிர் காலத்தில் விழுந்த கொட்டை உடனே முளைத்து, வரும் பனியில் செத்துப்போகும். அந்த ஊரில் மண்ணே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இங்கே மார்கழி, தையில்கூட இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. ஓட்டோடு இருக்கும், வறுக்காத வால்நட்டை ஈர மணலில் புதைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நாலு மாதம் வைத்தால் முளைக்க வைக்கலாம். மணல் பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். பூஞ்சணம் வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள்.

முளைத்தாலும் இங்கே காய்க்கும் என்று நம்பாதீர்கள். அந்த மரத்துக்கு ஒவ்வொரு வருடமும் பல நூறு மணி நேரம் கடும் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டு சரியாக விழிக்காது. தொட்டியில் வைத்து வேடிக்கை பார்க்கலாம். நிலத்தில் இடம் கொடுப்பது வீண், அங்கே ஒரு பலாவை வையுங்கள்.

முளை வந்தது, தலையில் ஓடு கழலவில்லை

முந்திரியில் இரண்டு பருப்பும் மண்ணுக்கு மேலே வந்து விரிந்து பச்சையாகும். மேலாகப் புதைத்திருந்தாலோ மேல் மண் காய்ந்து போயிருந்தாலோ ஓடு பிடித்துக்கொண்டு வரும். பிய்த்து இழுத்தால் பருப்பும் சேர்ந்து வந்துவிடும். காலையில் ஓட்டின் மேல் நனைந்த துணியைப் போட்டு வையுங்கள். ஊறியதும் தானாக விழும்.

நேற்று இருந்த முளை இன்று மொட்டை

அணில், காக்காய், எலி. மேலே வந்து விரிந்த பருப்பு தித்திப்பாக இருக்கும், கூப்பிட்டு வைத்த விருந்து மாதிரி. பருப்பு மட்டும் போய்த் தண்டும் குருத்தும் தப்பியிருந்தால் கன்று பிழைக்கும், ஆனால் நோஞ்சானாகத்தான் வளரும். முதல் சில வாரத்துக்கு வேண்டிய சோறு அந்தப் பருப்பில்தான் இருந்தது. ஒட்டுக் கட்ட நினைத்தால் அப்படிப்பட்ட கன்றை ஒதுக்கிவிடுங்கள். முளை வரும் நாளிலிருந்து பருப்பு சுருங்கி உதிரும் வரை பைகளின் மேல் வலை கட்டுங்கள். வலை இல்லாவிட்டால் கருவேல முள்ளைப் பரப்பினாலும் போதும். பையைத் தோண்டிக் கொட்டையையே தூக்கிக்கொண்டு போனால் எலி, அதற்கு வலை உதவாது.

கன்று திடீரென்று மடிந்து சாய்கிறது

பொறுப்பாகப் பார்க்க வேண்டிய கோளாறு இதுதான், ஒரு வாரத்தில் பாத்தியையே காலி செய்துவிடும். மாலையில் நன்றாக இருந்த கன்று காலையில் இடுப்பு ஒடிந்தது போலத் தொங்கும். மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பழுப்பாக, ஈரக்கசிவோடு, தோல் வழுகி வந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ஃபியூசேரியம், பைட்டோப்தோரா போன்ற பூஞ்சைகளின் வேலை. தண்டு சுத்தமாக இருந்து, வேர் கடிபட்டு இருந்தால் அது கரையானோ வெள்ளைப் புழுவோ. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் கீறிப் பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

நாற்றழுகல் என்று தெரிந்ததும் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். சாய்ந்த பைகளையும் அவற்றை ஒட்டி இருந்தவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். செத்ததை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். அப்புறம் பையைத் திருப்பிப் பாருங்கள். கடையில் வாங்கிய பையில் ஓட்டை பேருக்கு இருக்கும், பாதி திறந்திருக்காது. திறந்திருந்தாலும் கீழே சிமெண்டுத் தரையோ பாலிதீன் விரிப்போ இருந்தால் ஓட்டைக்கு அர்த்தமே இல்லை. பைகளை ஜல்லியின் மேலோ செங்கல் வரிசையின் மேலோ தூக்கி வையுங்கள்.

மீதிக் கன்றுகளுக்கு ஒரு சதவீத போர்டோ கலவையை மண் நனையும்படி ஊற்றலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். அரை லிட்டரில் துத்தத்தையும், இன்னொரு அரை லிட்டரில் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோதான், இரும்பு வாளி கூடாது. கலந்ததும் பளபளப்பான கத்தி முனையை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். முனையில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அப்படியே ஊற்றினால் வேர் வெந்துவிடும். கலவையை அன்றன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

மருந்தால் இந்த வருடம் சமாளிக்கலாம். அடுத்த வருடமும் இது வராமல் இருக்க மண் கலவை சரியாக வேண்டும். செம்மண், மணல், மட்கிய தொழு உரம், மூன்றும் சம பங்கு. காடாம்புலியூர், மருங்கூர் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் வாசலிலேயே இருக்கிறது. பாகூர் போன்ற நெல் பூமியில் இருப்பவர்கள் வயல் மண்ணை அள்ளிப் பையில் போட்டுவிடுகிறார்கள். அது ஈரத்தை விடாது, காய்ந்தால் கல்லாகிவிடும். மட்காத சாணமும் கூடாது, பைக்குள் சூடேறும், கரையானைக் கூப்பிடும்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது? விரலை ஒரு கணு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகள் திறந்த வெளியில் கிடந்தால் நீங்கள் ஊற்றாவிட்டாலும் வானம் ஊற்றும். மேலே ஒரு பந்தல் வேண்டும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. கீழே உள்ள முதிர்ந்த இலை ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை நன்றாக நீர்த்து ஊற்றினால் இரண்டு வாரத்தில் தேறும். மேலே உள்ள இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோல் தெரிந்தால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் உவர்ப்பான போர்த் தண்ணீரிலும் இப்படி வரும். அதற்கு இரும்பு சல்பேட்டை இலை வழியாகத் தெளிக்கலாம். ஆனாலும் தண்ணீரை மாற்றாமல் முழுதாகத் தீராது.

மேல் இலை, கீழ் இலை எல்லாம் சேர்ந்து மஞ்சளாகி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போடாதீர்கள். வேர் மூச்சுத் திணறுகிறது, அதற்கு உணவைத் திணித்து என்ன பயன்? ஒரு வாரம் காயவிடுங்கள்.

இலை நுனியும் ஓரமும் தீய்ந்து போகிறது

தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இது சகஜம். பையின் மேல் மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிய இடங்களில் போர்த் தண்ணீரே காரணம். கடற்கரை மணலைக் கலவையில் சேர்த்திருந்தாலும் இதுதான் நடக்கும். நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியாக வடிய வடிய இரண்டு மூன்று தடவை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். மழை நீர் பிடித்து வைக்க ஒரு தொட்டி இருந்தால், கன்றுகளுக்கு அதை முதலில் ஒதுக்குங்கள்.

தளிரில் வெள்ளைக் கொப்புளம், குருத்து கருகல்

வெள்ளை, சாம்பல் நிறத்தில் மெல்லிய தோல் உப்பியது போல இருந்தால் இலைத் துளைப்பான் புழு. தோலை உரித்தால் உள்ளே சின்னப் புழு நெளிவது தெரியும். முதிர்ந்த இலைக்குப் போகாது, தளிர்தான் வேண்டும். பத்து இருபது கன்று என்றால் கையால் கிள்ளி நசுக்கிவிடலாம். நிறைய இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு.

தளிர்த் தண்டில் கறுப்புத் தழும்பு, அதில் பிசின் துளி, அப்புறம் நுனி காய்ந்து தொங்கினால் அது தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. உச்சி வெயிலில் தேடினால் அகப்படாது, விடியலில் பாருங்கள். பக்கத்தில் வேம்பு, கொய்யா இருந்தால் அவற்றின் தளிரையும் பாருங்கள், இதற்கு அங்கேயும் குடித்தனம் உண்டு. மருந்தின் பெயரும் அளவும் வருடத்துக்கு வருடம் மாறுவதால், விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலரிடமோ அப்போதைய பரிந்துரையைக் கேட்டு அடியுங்கள். கடைக்காரர் கொடுத்த டப்பாவை நம்பி அடிக்க வேண்டாம்.

நோய் இல்லை, பூச்சி இல்லை, வளர்ச்சி நின்றுவிட்டது

பை சின்னது, அல்லது கன்று பையில் அதிக நாள் இருந்துவிட்டது. முந்திரியின் ஆணிவேர் மேலே தெரிகிற வளர்ச்சியைவிட வேகமாகக் கீழே போகும். 25 செ.மீ. உயரப் பையிலேயே சில வாரத்தில் அடியைத் தொட்டுவிடும். அப்புறம் ஒன்று ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கும், இல்லை உள்ளேயே வட்டம் போடும். பையைத் தூக்கும்போது 'சடக்'கென்று சத்தம் கேட்டால் தரையில் இறங்கிய வேர் அறுந்தது என்று அர்த்தம். அந்தக் கன்று இரண்டு நாள் வாடும். பைகளை வாரம் ஒரு முறை நகர்த்தி வைத்தால் இது வராது.

உள்ளே சுருண்டதற்கு மருந்து இல்லை. பையைக் கிழித்து, சுருண்ட நுனியை மட்டும் கூர்மையான பிளேடால் வெட்டி, உடனே நிலத்தில் நடலாம். ரொம்பச் சுருண்டிருந்தால் எறிந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் காற்றுக்கு நல்ல வேர் உள்ள மரமே தாக்குப்பிடிப்பது கடினம், சுருண்ட வேர் எம்மாத்திரம்? நம் பெரியவர்கள் கொல்லையிலேயே குழி எடுத்து, குழிக்கு இரண்டு மூன்று கொட்டை ஊன்றி, தேறியதை விட்டு மற்றதைப் பிடுங்கினார்கள். வேருக்கு அதைவிட நல்ல முறை இல்லை. காவல் காக்க ஆள் இருந்தால் அதையே செய்யுங்கள்.

ஒட்டுக் கட்டினேன், பிடிக்கவில்லை

கட்டிய பத்து நாளில் மேல் குச்சி, அதாவது நல்ல மரத்திலிருந்து வெட்டி ஒட்டிய குச்சி, கறுத்தால் மூன்று காரணம் இருக்கலாம். வேர்க்கன்று, அதாவது கொட்டையில் வளர்ந்து அடியில் நிற்கும் கன்று, முற்றிவிட்டது: 45 முதல் 60 நாள் கன்றுதான் சரி, தண்டு பச்சையும் செம்பழுப்புமாக இளசாக இருக்க வேண்டும். அல்லது குச்சியின் பருமனும் தண்டின் பருமனும் ஒத்துப்போகவில்லை: தோலோடு தோல் ஒரு பக்கமாவது சேர வேண்டும். அல்லது குச்சியைத் தயார் செய்யாமல் வெட்டிவிட்டீர்கள்: தாய் மரத்திலேயே ஒரு வாரம், பத்து நாள் முன்பு காம்பை மட்டும் விட்டுவிட்டு இலைகளை நறுக்கிவிட்டால் நுனி மொட்டு புடைக்கும். அந்த நேரத்தில் வெட்டி அன்றே கட்ட வேண்டும். கட்டிய பின் குச்சி ஐஸ் போடும் நீளமான பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் ஈரம் காயாது. 15, 20 நாளில் தளிர் எட்டிப் பார்த்ததும் உறையை எடுத்துவிடுங்கள்.

ஒட்டு பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுமுன், தளிர் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பாருங்கள். கட்டுக்குக் கீழே இருந்து வந்தால் அது வேர்க்கன்றின் தளிர். மேல் குச்சி செத்து, கீழ்த்தளிர் கொழுத்து நிற்கிற கன்றை ஒட்டு என்று சந்தையில் விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும்போதும் இதையே பாருங்கள். நட்ட பிறகும் கட்டுக்குக் கீழே வருவதை அவ்வப்போது கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

மரம் செழிப்பு, காய்ப்பு சொற்பம்

கொட்டைக் கன்று காய்ப்புக்கு வர மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். அதற்குள் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் சொற்பம் என்றால் முதலில் வெயில். முந்திரி கிளை நுனியில்தான் பூக்கும், வெளிப்பக்கம் முழுதும் வெயில் பட வேண்டும். 7 மீட்டருக்கு ஒன்று என்று நடாமல் நெருக்கி நட்ட கொல்லையில் மரங்கள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு இலை மட்டுமே வைக்கும். ஒன்று விட்டு ஒன்று வெட்டத் துணிவு வேண்டும். தை, மாசிப் பூ நேரத்தில் மழையும் மூடுபனியும் வந்திருந்தால் அந்த வருடம் மட்டும்தான் குறை.

வெயிலும் இடமும் சரியாக இருந்து, வருடா வருடம் இதே கதை என்றால் விதையின் குணம் அது. முந்திரி அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர், பெரும்பாலும் வேறு மரத்து மகரந்தம் பட்டுத்தான் காய்க்கும். ஒரே தாய் மரத்துக் கொட்டையில் வந்த பத்துக் கன்றும் பத்து விதமாக இருக்கும். தாய் கொத்துக் கொத்தாகக் காய்த்தது என்பதால் பிள்ளையும் காய்க்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் விளைச்சலுக்காகப் போடுகிறவர்களிடம், கொட்டையில் வளர்ப்பது வேருக்கு மட்டும், தலைக்கு விஆர்ஐ 3 மாதிரித் தெரிந்த ரகத்தை ஒட்டுங்கள் என்று சொல்கிறேன். விருத்தாசலத்தில் உருவாகி 1991இல் வெளிவந்த ரகம் அது, கொட்டை ஒன்று சுமார் 7 கிராம் நிற்கும்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மரத்தை வேரோடு எடுக்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்குக் கீழே சாய்வாக அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (போர்டோ கலவையையே கெட்டியாகக் குழைத்தது) பூசிவிடுங்கள். துளிர்த்து வருவதில் நன்றாக இருக்கிற ஏழெட்டை மட்டும், மரத்தைச் சுற்றிப் பரவலாக நிறுத்தி, இளசாக இருக்கும்போதே அவற்றில் ஒட்டுக் கட்டலாம். அறுத்த மரத்துக்குத் தண்டுத் துளைப்பான் தேடி வரும். அடியில் மரத்தூளும் பிசினும் தள்ளியிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள். தள்ளியிருந்தால் அந்த இடத்துப் பட்டையைச் செதுக்கி, உள்ளே இருக்கும் புழுவை எடுத்துக் கொன்றுவிடுங்கள்.